ஆலய விற்பனையும் அறக்கடப்பாடும்

புறச்சமயத்தார் ஆலயம் ஒன்று மூடப்பட்டதெனக் கேட்பின், அதனைத் தம் சமயத்தின் வெற்றியாகக் கொண்டு மகிழ்வார் சிலர். சட்டப்படி மூடி விற்றபின் குற்றமென்னை என வாதிப்பார் வேறு சிலர். இவ்விரு திறத்தார் கொள்கையும் பொருந்தாமை, அமெரிக்க ஐக்கிய நாட்டு எபிஸ்கோபல் திருச்சபையின் வரலாற்றால் விளங்கும்.

அத்திருச்சபையில், அத்தியட்சரின் ஆதரவில் நடைபெறுவது மிஷன் சபை. தன் பொருளாலேயே நின்று தன் குருவைத் தெரிந்துகொள்வது பங்குச் சபை. மிஷன் வளர்ந்து பங்காதலும், பங்கு மெலிந்து மூடப்படுதலும் ஆண்டு நிகழ்வனவே. 1960-களில் 34 இலட்சத்திற்கு மேற்பட்டிருந்த அங்கத்தினர் தொகை 2023-இல் ஏறக்குறைய 15½ இலட்சமாகக் குறைந்தது. ஆகலின் மூடப்படும் ஆலயங்கள் பல.

அவற்றுள் ஒன்று நியூயார்க் நகரத்து ஆறாம் அவெனியூவிலுள்ள பரிசுத்த நற்கருணை ஆலயம். செல்வர் வாடகை கொடுத்து ஆசனங்களைத் தமக்கே உரிமையாக்கிக்கொண்ட அக்காலத்தில், வறியவரும் ஒப்ப அமரும்படி ஆசன வாடகையின்றி இதனை நிறுவினார் வில்லியம் அகஸ்டஸ் முலன்பெர்க் என்னும் குரு. பொருளுதவியவர் கைம்மை பூண்ட அவர் சகோதரியார். ரிச்சர்டு அப்ஜான் என்னும் சிற்பியின் திட்டப்படி எழுந்த இவ்வாலயம் 1846-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நோயாளர்க்குத் தொண்டு புரியும் மகளிர் சங்கமும் புனித லூக்கா வைத்தியசாலையும் இதன் சார்பில் தோன்றின.

1970-களில் இச்சபை அயற்பங்குகளோடு இணைக்கப்பட்டது, கட்டடம் விற்கப்பட்டது. முதலில் போதைப்பழக்கமுடையாரைத் திருத்தும் நிலையம் அதனைப் பெற்றது. அஃது ஏற்புடைத்தே. ஆயின் 1983-இல் அவ்விடம் இரவு நடனசாலையாயிற்று. 1990-களில் போதைப்பொருள் வழக்குகளால் இழிபெயர் பெற்றது. போதையினின்று மீட்ட இல்லமே போதை விற்குமிடமென்று பழிக்கப்பட்டது!

"அத்தியட்சர் முறைப்படி ஆலயத்தன்மையை நீக்கினார், பின்னர் அது வெறுங்கட்டடம், அங்கு நிகழ்வது விற்றவரைச் சாராது" என்பாருளர். அற்றன்று. கட்டடத்தின் தூய்மையை நீக்க விதியுண்டு. ஈந்தாரின் நோக்கத்தை நீக்க விதி யாண்டுளது? வறியவர்க்கென்று கொடுத்த பொருளை வறியவரைக் கெடுக்கும் தொழிற்கு இடமாக்குதல், கையெழுத்தால் அறமாகாது. நகராண்மையார் 1966-இலேயே அதனைப் பாதுகாக்கத்தக்க கட்டடமென அறிவித்தனர். கல்லுக்குக் காவலுண்டாயிற்று; கருத்திற்குக் காவலில்லை. விற்போர் பயன்பாட்டை வரையறுத்து விற்றல் வேண்டும் என்பதே துணிபு.

இனி, மூடுதலை வெற்றியெனக் கொள்வாரும் தவறினார். அடிமையாய்ப் பிறந்த அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில் கறுப்பின மக்கள் பிலடெல்பியாவில் நிறுவிய புனித தோமா சபை 1794-இல் ஆலயம் திறந்தது. அச்சபை ஒருமுறையன்றிப் பலமுறை கட்டடம் விட்டுப் பெயர்ந்தும் இன்றும் நிலைபெறுகின்றது. கட்டடம் கைவிடப்படினும் கூட்டம் கைவிடப்படாதவழிச் சமயம் அழிவதில்லை.

ஆகவே, பிறர் ஆலயக் கதவு அடைபடுதல் கண்டு களித்தல் சைவர்க்கு அழகன்று. வறியார்க்கென நிறுவியது பின்னும் வறியார்க்குப் பயன்படுமாறு காத்தல் எச்சமயத்தார்க்கும் கடனென்று அறிதலே அறிவுடைமையாம்.