வீரத்தை அளக்கும் கோல்

வீரம் என்னுஞ் சொல்லைத் தமிழாசிரியன் நாடோறும் வகுப்பறையில் எடுத்தாள்கின்றான். புறத்திணைப் பாடல்களைக் கேட்கும் மாணவர் முகம் மலர்தலும் காண்கின்றான். ஆயின், அச்சொல்லை எந்தக் கோல்கொண்டு அளப்பது? இவ்வினாவுக்கு விடைகாண, முதலாம் உலகப் போரில் வானிற் பொருத வங்க இளைஞன் இந்திரலால் றோயின் வரலாறு துணையாகும்.

1898 டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்த றோய், இலண்டன் சென் போல்ஸ் பாடசாலையிற் பயின்றான். விமானப் படையிற் சேர விழைந்தபோது, பார்வைக் குறையுண்டென்று தள்ளப்பட்டான். தளர்ந்தானல்லன். தன் மோட்டார்ச் சைக்கிளை விற்று, தேர்ந்த கண் வைத்தியரிடம் மறுபரிசோதனை செய்வித்தான் என்பர். 1917 யூலையிற் படையிற் சேர்ந்தான். அவ்வாண்டு டிசம்பரில் விமானம் வீழ்ந்து படுகாயமுற்றான். பறக்கத் தகாதவன் என்ற தீர்ப்பையும் மாற்றுவித்து, 1918இல் 40ஆம் அணியுடன் பிரான்சின் வானில் மீண்டும் பறந்தான். யூலையில் இருவார காலத்துள் பத்து வெற்றிகள் அவன் பெயரிற் பதிவாயின. அம்மாதம் 22ஆம் நாள் வான்போரில் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது 19.

இதனை எவ்வாறு கற்பித்தல் வேண்டும்? பத்து என்னும் எண்ணை மனனஞ் செய்வித்தலை யான் ஒப்பேன். நம் உரும்பிராயை ஊடறுத்துச் செல்லும் வீதி பலாலி விமானத்தளத்துக்குச் செல்வது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்தது அத்தளம். பின்னர் நம் நாட்டிலே மூண்ட போரில், விமான இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையினன் யான். வீழ்த்தப்பட்ட ஒவ்வொரு விமானத்துள்ளும் ஒரு தாயின் மகன் இருந்தான் என்பதை மறந்து, வெற்றியை மட்டும் எண்ணுதல் நமக்கு இயலாது.

வீரனைப் புகழாதொழியின் இளைஞர் கோழைகளாவர் எனச் சிலர் கூறுவர். புகழ வேண்டாமென்பது என் கருத்தன்று. எதனைப் புகழ்வதென்பதே வினா. இருமுறை தள்ளப்பட்டும் சோராத உள்ளமே றோயிடம் நாம் கொள்ளத்தக்கது. அவ்வுள்ளம் போருக்கே உரியதன்று. பரீட்சையிலே தவறிய மாணவனுக்கும் அது வேண்டும்.

அதே போரில் விமானியாய்ப் பொருது, காலிற் குண்டேற்றும் உயிர்பிழைத்தவர் ஹர்தித் சிங் மாலிக். அவர் பின்னாளில் பிரான்சிலே இந்தியத் தூதுவராய்ப் பணியாற்றி, 1985 வரை வாழ்ந்தார். றோய் வாழ்ந்திருப்பின் என்னென்ன ஆற்றியிருப்பானோ! ஆதலால் இவ்விருவர் வரலாற்றையும் ஒருங்கே கற்பித்தல் வேண்டும். ஒன்று ஊக்கத்தைக் காட்டும். மற்றது போர் பறித்துக்கொண்டதன் அளவைக் காட்டும்.

2019 ஒக்டோபரிற் பலாலித்தளம் சர்வதேச விமான நிலையமாயிற்று. இன்று நம் மாணவர் அச்சமின்றி வானை நிமிர்ந்து நோக்குகின்றனர். அந்நோக்கு என்றும் நிலைக்குமாறு அவர்களை வளர்த்தலே, யூபிலி காணும் கல்லூரி அன்னைக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும்.