பழனி என்ற பெயருக்குப் பொருள் கேட்பவர்களுக்கு

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் முற்றத்தில் நின்றால், மேகம் விலகும் நேரத்தில், வடக்கே வெகு ஆழத்தில் பழனிக் குன்று தெரியும். நண்பர்கள் நாங்கள் நால்வரும் சென்ற முறை அங்கே நின்றுகொண்டிருந்தபோது, அன்று காலை பழனியில் முடியிறக்கிவிட்டு மலையேறி வந்திருந்த ஒரு குடும்பத்தோடு பேச்சுக் கொடுக்க நேர்ந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் காயாத, ஒரு வயது நிரம்பாத ஆண் குழந்தை. பெயரென்ன என்று பெரியவரிடம் கேட்டோம். அவர் மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண் பெயரைச் சொல்லி, நாங்கள் கேட்காமலேயே அதன் பொருளையும் சொன்னார். புத்தகத்தில் போட்டிருந்ததாம். எண் கணிதத்துக்கும் பொருந்தி வந்ததாம். பெரியவர் சற்று நேரம் கழித்து எங்களிடம் மட்டும் சொன்னார்: "எம் பேரு பழனிச்சாமிங்க தம்பி. பேரனுக்கு வைக்கலாம்னு பையன் சொன்னான். பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க, வேண்டாம்னு நாந்தான் சொல்லிட்டேன்."

எங்களுக்குச் சினம் வந்தது. அவர் மேலன்று, அந்தத் தாயின் மேலும் அன்று. எழுபது வயது மனிதர் ஒருவரைத் தம் பெயரைக் கண்டே கூச வைத்திருக்கிறோமே, அந்தச் சூழலின் மேல். அதில் எழுதுகிறவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

குற்றவாளி யார் என்று கேட்டால் பலரும் வடமொழி மோகத்தைக் கைகாட்டுவார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். தண்டபாணியும் தண்டாயுதபாணியும் வடசொற்களே. அவற்றை விடப் பழனிக்கு நெருக்கமான பெயர்கள் எவை? பழனியில் முடியிறக்கி, திரும்பும் வழியில் "இப்பெயருக்கு என்ன பொருள்?" என்று அகராதியைப் புரட்டுகிற பழக்கமே இங்கே குற்றவாளி. பெயர் ஒரு சொல், ஆகவே அதற்கு அழகான பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். வெற்றி, ஒளி, அறிவு, அரசன் என்று ஏதேனும் இல்லாவிட்டால் அது வெறும் பெயர் என்ற எண்ணம். பெயர்ப் புத்தகங்கள் எல்லாம் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் விற்கின்றன.

அப்புத்தகங்களில் பழனிக்குப் பொருள் தேடினால் கிடைப்பது மாம்பழக் கதை. கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையிடம் 'பழம் நீ' என்றார்களாம், அதுவே பழனி ஆயிற்றாம். இனிமையான கதை, 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஔவையாராகத் தோன்றிப் பாடியபின் அதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் சொல்லின் வரலாறாக அதை எடுத்துக்கொள்ள இயலாது. அகநானூற்றில், கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதல் பாட்டே இவ்வூரைச் சொல்கிறது; அங்கே அதன் பெயர் பொதினி. மாமூலனார் பாடியது. முருகனை ஒத்த போர்வீரனான நெடுவேள் ஆவியின் ஊர் அது. பொதினியில் சாணைக்கல் செய்பவன் அரக்கில் பொருத்திய கல்லைப்போலப் பிரியோம் என்று சொன்னவன் பிரிந்து போய்விட்டானே என்று தலைவி கலங்குகிறாள். பழனியைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்றில் இருப்பது மாம்பழம் அன்று, சாணைக்கல். திருமுருகாற்றுப்படையோ மூன்றாம் படைவீட்டை ஆவினன்குடி என்று அழைக்கிறது. அக்கோயில் இன்றும் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் வையாவிக் கோ. வையாபுரி என்ற பெயரை அந்த வையாவியோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். பொதினியே பழனி என மருவியது என்பாரும், வயலைக் குறிக்கும் பழனம் என்ற சொல்லிலிருந்து பழனி வந்தது என்பாரும் உண்டு. இவ்விரண்டில் எது சரியானாலும், கிடைப்பது ஓர் ஊர்ப்பெயர் அல்லது நெல்வயல். "உங்கள் மகன் பெயருக்கு என்ன பொருள்?" "நெல்வயல்." அண்டை வீட்டாரிடம் சொல்லிப் பெருமைப்பட இது போதாது அல்லவா?

போதாது என்று முடிவு செய்தவர்கள் யார் என்பதுதான் எங்கள் கேள்வி. வையாபுரி என்பது பழனிக்கே உரிய இன்னொரு பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் வகுத்த எஸ். வையாபுரிப் பிள்ளை (1891–1956) திருநெல்வேலிச் சீமைக்காரர். சொற்பொருள் ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் சுமந்த பெயர், வெற்றியோ ஒளியோ அன்று, தொலைவிலுள்ள ஒரு மலையூர். அவரைப் பெற்றவர்கள் அகராதி பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நண்பர்கள் சிலர் வருந்தக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பொருள் தேடும் இந்தப் பழக்கத்துக்குத் தூய தமிழ் இயக்கத்திலும் ஒரு வேர் உண்டு. திருக்கழுக்குன்றத்து வேதாசலரை வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு வேதாசலம் என்று பெயரிட்டார்கள். அவர் பின்னாளில் மறைமலையடிகள் ஆனார். அவர் தமிழுக்குச் செய்தது மலையளவு, அதில் ஐயமில்லை. ஆனால் வேதத்துக்கு மறை, அசலத்துக்கு மலை என்று பெயர்த்தபோது பொருள் தமிழுக்கு வந்தது, திருக்கழுக்குன்றம் பின்னால் நின்றுவிட்டது. அன்று தொடங்கிய பெயர்ப்பட்டியல்கள் இனியன், நிலவன் என்று நீண்டன. இனிய பெயர்கள்தாம். இருந்தாலும் அவையும் அகராதியிலிருந்து எடுக்கப்பட்டவையே. பாட்டன் பெயர் இங்கும் விடுபட்டுத்தான் போகிறது.

பேரன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பெயரன், அதாவது பெயரைத் தாங்குகிறவன். இந்த ஒரு சொல்லில் நம் பெயரிடும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜனின் முழுப்பெயர் பொன்னம்பல தியாகராஜன். மகன் பழனிவேல் ராஜன், பேரவைத் தலைவராக இருந்தவர். பேரன் பழனிவேல் தியாகராஜன். முன்னோர் இருவர் ஒரே பெயருக்குள் வந்துவிட்டார்கள். நகரத்தார் குடும்பங்களில் பழனியப்பன் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறை திரும்பி வந்துகொண்டே இருப்பார். அவர்களுக்குப் பழனி கணக்கேட்டில் ஏறிய உறவு. உப்பு விற்கப் போன நகரத்தார் ஒருவர் இலாபத்தில் ஒரு பங்கைப் பழனி ஆண்டவருக்கு ஒதுக்கிய செய்தி செப்பேடுகளில் இருக்கிறது. கடல் கடந்து கடை வைத்த இடங்களிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. சிங்கப்பூர் டாங்க் சாலைக் கோயில் 1859-ஐச் சேர்ந்தது.

இந்த வணிகர் வீடுகளில் பழனியப்பன் என்றால், கொங்கு நாட்டு உழவர் வீட்டில் பழனிச்சாமி, காவடி எடுத்த கூலிக்காரர் வீட்டில் பழனி, பழனியாண்டி, பழனியம்மாள். சாதியைப் பெயரிலேயே காட்டிக்கொடுக்கும் நாட்டில், ஒரே மலையைச் சொல்லி இத்தனை வீடுகளிலும் குழந்தைகளை அழைத்திருக்கிறார்கள். ஆண்டி என்றால் கோவணத்தோடு நிற்கும் இரவலன். செல்வம் கொழித்த வீட்டிலும் மகனை ஆண்டி என்றும் பிச்சப்பன் என்றும் அழைக்கத் தயங்கவில்லை. முன் பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தெய்வத்திடம் இரந்து பெற்றதாகச் சொல்லி இட்ட பெயர்கள் அவை. இதில் 'பொருள்' தேடுகிற புத்தகம் அந்தத் தாயின் அச்சத்தை எந்தப் பக்கத்தில் அச்சிடும்?

எழுத்துக்கும் திரைக்கும் பங்குண்டு என்றோம். 1965-இல் பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படத்துக்குப் 'பழனி' என்றே பெயர். ஓர் உழவன் அந்தப் பெயரோடு கதையின் நடுவே நிற்க முடிந்தது. பிற்பாடு நாம் பழனியை எங்கே வைத்தோம்? தோட்டக்காரனாக, காவலாளியாக, நாயகனின் தோழனாக. சிறுகதை எழுதுகிறவர்கள் ஏழைப் பாத்திரத்துக்குப் பெயர் தேட ஒரு நொடியும் செலவிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று அந்தப் பெரியவர் அஞ்சியது வீண் அச்சம் அன்று. சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். இது பதவியால் மாறுவதாகவும் தெரியவில்லை: 2017 முதல் 2021 வரை தமிழ்நாட்டு முதலமைச்சரின் பெயர் பழனிசாமி, அதன் பிறகும் தொட்டிலில் அப்பெயரை நாங்கள் கேட்கவில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். அதில் சேரும் விருப்பாட்சி மலைவாழைக்கு அதற்கும் முன்பே வாங்கியாயிற்று. பெயருக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

பெயரை மாற்றிக்கொள்ளவே கூடாது என்று நாங்கள் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். நாங்கள் நின்ற குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-இல் எழுப்பியவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார், ஆஸ்திரேலியாவில் ஹாரிசன் என்ற குடும்பப் பெயரோடு பிறந்து லீலாவதி ஆனவர். தாம் சென்று சேர்ந்த இடத்தின் பெயரை அவர் ஏற்றார். நாமோ பிறந்த இடத்திலேயே இருந்துகொண்டு, அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையின் பெயரைக் கைவிடுகிறோம்.

"உங்கள் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பெருமாள்மலையில் பழனிச் சாலை பிரியும் இடத்தில் தேநீருக்கு நின்றபோது எங்களுக்குள் இதே கேள்வி எழுந்தது. நால்வரில் ஒருவரும் வைக்கவில்லை. ஒருவருடைய தந்தை பெயர் பழனியப்பன். அது இப்போது அவர் பெயருக்கு முன்னால் 'பி' என்ற ஓர் ஆங்கில எழுத்தாக இருக்கிறது. அவருடைய மகளுக்கு அந்த எழுத்தும் இல்லை.