வாள்வீச்சும் வலியும்

வாள்வீச்சு விளையாட்டு என்றவுடன், கூரிய வாளால் ஏற்படும் குத்தும் வெட்டுமே பொதுமக்களின் மனக்கண் முன் தோன்றுகின்றன. அவ்வச்சம் ஒரு காலத்தில் காரணமற்றதன்று. 1982ஆம் ஆண்டில் ரோம் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் எதிராளியின் வாள் முறிந்து முகக்கவசத்தைத் துளைத்தமையால், சோவியத் வீரர் விளாதிமீர் ஸ்மிர்னோவ் உயிர் நீத்தார். அதன் பின்னர் முகக்கவசங்களின் வலிமை உயர்த்தப்பட்டது. விரிசல் எளிதிற் பரவாத மராஜிங் எஃகு வாள்களுக்குப் பயன்படலாயிற்று. சர்வதேசப் போட்டிகளில் அணியும் உடை 800 நியூட்டன் விசைக்கு ஈடுகொடுக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. வாளினால் வரும் ஆபத்தைப் பொறியியல் பெருமளவு நீக்கிவிட்டது. வீரரின் சொந்தக் கால்களால் வரும் ஆபத்தை எந்த எஃகும் நீக்க இயலாது.

அமெரிக்காவின் தேசியப் போட்டிகளில் ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து எடுக்கப்பட்ட கணக்கு ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. போட்டியினின்று விலகும்படி செய்த காயங்கள் அக்காலம் முழுவதிலும் 184 மட்டுமே. அவற்றுள் ஏறத்தாழப் பாதி சுளுக்கும் தசை இழுப்புமாகும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முழங்காலில் நேர்ந்தவை. மூவகை வாள்களுள் சேபர் வகையில் காயம் மிகுதி. இவ்விளையாட்டு பாதுகாப்பானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. எனினும் இக்கணக்கு போட்டி மேடையில் திடீரென நேர்ந்தவற்றையே கூறுகிறது. பயிற்சிக் கூடத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேரும் தேய்மானம் இதில் அடங்காது.

அத்தேய்மானத்தின் காரணம் எளிதில் விளங்கக் கூடியது. வாள்வீச்சு ஒருபக்க விளையாட்டு. வலக்கை வீரர் வலக்காலையே எப்பொழுதும் முன்வைக்கிறார். தாக்கும் பொழுது பின்கால் உடலை உந்த, முன்கால் நெடுந்தொலைவு பாய்ந்து குதிகால் தரையில் பதியுமாறு ஊன்றுகிறது. அக்கணத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். முழங்காற்சில்லும் அதனைப் பிணைக்கும் நாணும் அச்சுமையைத் தாங்குகின்றன. பின்காலில் குதிகால் நாண் இழுபடுகிறது. இவ்வாறே பல்லாயிரம் முறை. நெடுநாள் பயின்ற வீரரின் முன்தொடை பின்தொடையினும் பருத்திருப்பதை நாடாவால் அளந்தே காணலாம். சேபர் வாளின் எடை 500 கிராமுக்கு உட்பட்டது. துன்புறுத்துவது வாளின் எடையன்று, ஒரே செயலை ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

இனி, வலி என்பது யாது? திசுச் சேதத்தோடு தொடர்புடையதாகவோ, அதனை ஒத்ததாகவோ உணரப்படும் இன்னாத அனுபவம் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020ஆம் ஆண்டில் திருத்திய வரையறை கூறுகிறது. அதாவது வலியும் காயமும் ஒன்றல்ல. சேதம் சிறிதாயிருந்தும் வலி பெரிதாகலாம். சேதம் பெரிதாயிருந்தும் போட்டியின் பரபரப்பில் வலி தெரியாமற் போகலாம். ஆதலின் "வலித்தால் உடனே நிறுத்து" என்பதும், "வலியைப் பொருட்படுத்தாதே" என்பதும் ஒருசேரப் பிழையான அறிவுரைகளே. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் குதிகால் நாண் நோயுற்றோரிடம் ஒரு முறையைச் சோதித்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வலிக்குப் பூச்சியம் முதல் 10 வரை எண் இடப்படுகிறது. 5க்கு மேற்படாத வரையில் பயிற்சி தொடரலாம். ஆனால் மறுநாட் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. இம்முறைப்படி ஓட்டத்தையும் தாவலையும் தொடர்ந்தவர்கள், அவற்றை விட்டு ஓய்ந்திருந்தோரைவிடக் குறைவாகத் தேறவில்லை. இது எல்லாக் காயங்களுக்கும் பொருந்தும் சூத்திரமன்று. மூட்டு வீங்கினாலோ, காலை ஊன்ற இயலாவிடினோ, மருத்துவரிடமே செல்ல வேண்டும். எனினும் இதற்கு வேண்டிய கருவி ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் மட்டுமே என்பதைப் பயிற்சியாளர்கள் கருத்திற் கொள்ளல் நன்று.

குறிப்பேட்டில் உண்மை எழுதப்படுமா என்பதே தொல்லை. மார்பிற் பட்ட புண்ணைப் போற்றிய பழந்தமிழ் மரபு நம்முடையது; வலியைக் கூறுவது கோழைமை என்னும் எண்ணம் இன்னும் விடவில்லை. (முழங்காற்சில்லின் தேய்மானம் மார்பிலும் படுவதில்லை, முதுகிலும் படுவதில்லை.) போட்டி விதிகளும் ஓரளவு இதற்குத் துணைபோகின்றன. ஆட்டத்தின் நடுவே திடீரென நேர்ந்த காயத்துக்கு மட்டுமே சில நிமிட இடைவேளை உண்டு. முறையீடு காரணமற்றதென மருத்துவர் கருதினால் தண்டனை விதிக்கப்படும். ஏமாற்றைத் தடுக்க அவ்விதி வேண்டியதே. ஆனால் பயிற்சிக் கூடத்திலும் அதே கடுமையைக் கையாள்வதற்கு நியாயம் ஏதுமில்லை.

சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004ஆம் ஆண்டில் பள்ளிச் சிறுமியாக வாள்வீச்சைத் தொடங்கினார். விலையுயர்ந்த வாளுக்கு மாறாக மூங்கிற் கோலால் பயின்றதையும், முதல் சர்வதேசப் போட்டியில் மூன்று நிமிடம் தாமதமாக வந்தமையால் கறுப்பு அட்டை பெற்று விலக்கப்பட்டதையும் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. தலச்சேரியிலும் பின்னர் இத்தாலியிலும் பயின்று, 2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக் மேடையேறிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை ஆனார். துனீசிய வீராங்கனையை 15-3 என வென்று, பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 எனத் தோற்றார். 2023ஆம் ஆண்டில் சீனாவின் வூசி நகரில் ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்றார். இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாதது ஆண்டுக் கணக்கு. முதல் வகுப்பிலிருந்து ஒலிம்பிக் வரை 17 ஆண்டுகள். ஆசியப் பதக்கம் வரை 19. இத்துணைக் காலம் உழைக்க வேண்டிய முழங்காலை, பதினான்கு வயதில் ஒரு மாவட்டக் கோப்பைக்காக வலியோடு ஆடவிடுவது மிகவும் தவறான கணக்காகும்.

வலிநீக்கி மாத்திரைகளைப் பற்றியும் கூற வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்குளோஃபினாக் முதலியன தடைப் பட்டியலில் இல்லை. குளுக்கோகார்ட்டிகாய்டு ஊசிகளோ 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டுள்ளன. தடையில்லாதது தீங்கற்றது எனக் கொள்வது கூடாது. போட்டிக்கு முன் மாத்திரை விழுங்கும் சிறுவன், மேற்கூறிய குறிப்பேட்டின் எண்ணையே பொய்யாக்கி விடுகிறான். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் உண்டாகும் கேடு தனி.

அந்தமானின் குட்வில் எஸ்டேட் போன்ற ஊரில் ஒரு பெண் நாளை வாளேந்த விரும்பினால் அவளுக்கு யார் இருக்கிறார்? இத்தீவுகளிலிருந்து டெபோரா ஹெரால்டு, ஈசோ ஆல்பன் முதலிய சைக்கிள் வீரர்கள் உலகப் போட்டிகளுக்குச் சென்றுள்ளனர். ஆகவே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடலுக்கு மறுகரையில் உள்ளது. சுளுக்கிய கணுக்காலைக் காட்ட அங்குச் செல்வதென்பது ஆகாத காரியம். புதிய பயிற்சிக் கூடம் திறக்கும் அரசு முதலில் மின்சாரப் புள்ளிப் பலகையை வாங்குகிறது; உடலியக்க மருத்துவரின் பதவி பின்னர் வரும், அல்லது வாராது. இவ்வரிசை மாற வேண்டும். முழுநேரப் பதவிக்குப் பணமில்லையெனில், மாவட்ட மருத்துவமனையின் உடலியக்க மருத்துவர் வாரம் ஒரு மாலை கூடத்துக்கு வந்து, வீரர்களின் குறிப்பேடுகளைப் பார்வையிட ஆணையிடலாம். அதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.