முன்வரிசையில் நின்றவர்



ரக்பி நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் ஆட்டமில்லை. ஆனாலும் கார்ல் ஹேமனைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நியூசிலாந்துக்காரர். அந்நாட்டு ரக்பி அணியான ஆல் பிளாக்ஸுக்கு ஆடிய ஆயிரமாவது வீரர் என்ற பெருமை அவருக்கு உண்டு. 45 டெஸ்ட், அதாவது சர்வதேசப் போட்டிகள் ஆடினார். பிறகு இங்கிலாந்தில் நியூகாசில், பிரான்ஸில் டூலோன் கிளப்களுக்கு ஆடினார். டூலோன் 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கடைசிக் கோப்பையின்போது கேப்டனே அவர்தான்.

அவர் ஆடிய இடத்துக்கு 'ப்ராப்' என்று பெயர். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு; அதில் பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசையில் மூவர், அதில் வலது ஓரம் ஹேமன். பின்னாலிருந்து சொந்த அணி நெட்டும், எதிரிலிருந்து மற்ற அணி நெருக்கும். அத்தனை பாரமும் கழுத்திலும் தோளிலும் இறங்கும்.

2021-ல், 41 வயதில், தனக்கு டிமென்ஷியா என்று வெளிப்படையாகச் சொன்னார் ஹேமன். விடாத தலைவலி. கூடவே மறதி. பைத்தியம் பிடிக்கிறதோ என்றுகூட வருடக்கணக்கில் உள்ளுக்குள் தவித்திருக்கிறார்.

நாற்பது வயது மனிதர் மறக்கிறார் என்றால் எந்த வீட்டில் சந்தேகம் வரும்? வேலை டென்ஷன், தூக்கம் போதவில்லை என்றுதானே விட்டுவிடுவோம்?

ஆட்டத்தில் தலைக்கு நேரும், மயக்கம்கூட வராத சின்னச் சின்ன மோதல்களும் வருடக்கணக்கில் சேர்ந்தால் மூளையைப் பாதிக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பள்ளி, கிளப் ரக்பியில் இன்று விதி கறாரானது: தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வெளியே வந்துவிட வேண்டும், அன்று மறுபடி இறங்கக் கூடாது.

நாம் என்ன செய்கிறோம்? கபடியிலோ ஃபுட்பாலிலோ பிள்ளை தலையை இடித்துக்கொண்டால், "ஒண்ணுமில்ல, தண்ணி குடிச்சுட்டுப் போய் ஆடு" என்கிறோம். அழாமல் ஓடினால் தட்டிக்கொடுக்கிறோம். வலியைச் சொல்லாமல் இருக்கப் பிள்ளைகள் பழகுவது அங்கேதான். அதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

விளையாட அனுப்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஓடியாடத்தான் வேண்டும். ஆனால் தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் அத்தோடு போதும். வாந்தி, தலைசுற்றல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, எழுப்ப முடியாத தூக்கம், இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். "காலையில் பார்க்கலாம்" வேண்டாம்.

அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும், பி.டி. மாஸ்டரையும் ஒரு நிமிடம் பாருங்கள். "தலையில் அடிபட்டால் இங்கே என்ன செய்வீங்க சார்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்