பாதை இல்லாத நிலம்!

நல்ல செம்மண் நிலம். இரண்டு ஏக்கர். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. விலையும் மலிவு. பட்டா சரி. வில்லங்கச் சான்றும் சரி. வேறு என்ன வேண்டும்?

வழி வேண்டும்!

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் மண்ணைப் பார்க்கிறார்கள். தண்ணீரைப் பார்க்கிறார்கள். ரோட்டில் இருந்து நிலத்துக்கு எப்படி வந்தோம் என்பதை மட்டும் மறந்து விடுகிறார்கள்.

கேட்டால், விற்கிறவர் சிரிப்பார். "வழிக்கு என்னங்க கவலை? பக்கத்துக் கொல்லைக்காரர் எங்க பங்காளிதான். காலங்காலமா இப்படித்தான் போறோம், வர்றோம்" என்பார்.

அது பொய் அல்ல. ஆனால் அந்தப் பங்காளி விற்றவருக்குத்தான் பங்காளி. வாங்கியவருக்கு அல்ல! நாளை அவர் கம்பி வேலி போட்டால், உள்ளே இருக்கும் நிலத்துக்கு டிராக்டர் போகாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி போகாது. பறித்த தக்காளியைத் தலையில்தான் சுமந்து வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"வழி இல்லாத நிலத்துக்குச் சட்டம் வழி கொடுக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. 1882-ம் ஆண்டு வழியுரிமைச் சட்டப்படி, அவசியத்துக்காக வழி கேட்கலாம். ஆனால் இரண்டு நிலங்களும் முன்பு ஒரே சொத்தாக இருந்து, விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்திருக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து, பின்னால் இருக்கும் பங்கு அடைபட்டுப் போனால் இந்தச் சட்டம் உதவும். சம்பந்தமே இல்லாதவர் நிலத்தில் இப்படி வழி கேட்க முடியாது.

20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தாலும் வழியுரிமை கிடைக்கும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. "தாராளமா போய்க்கோங்க" என்று பக்கத்து நிலக்காரர் அனுமதி கொடுத்து நடந்திருந்தால், அது எத்தனை ஆண்டுகள் ஆனாலும் உரிமை ஆகாது. அது அவருடைய தயவுதான்!

"மாமூல் தடவழி"

பத்திரத்தில் ஒரு வரி இருக்கும்: "மாமூல் தடவழி பாத்தியமும் சேர்த்து". இதைப் படித்து நிம்மதி அடைகிறவர்கள் ஏராளம். எந்தத் தடம்? எந்த சர்வே எண் வழியாக? எத்தனை அடி அகலம்? நடக்கவா, வண்டி ஓட்டவா? ஒன்றும் இராது. விற்கிறவருக்கே இல்லாத உரிமையை அவர் எப்படி எழுதிக் கொடுப்பார்?

புலப்படத்தைப் பார்க்க வேண்டும். அ-பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அரசின் இணையதளத்திலேயே இவை கிடைக்கின்றன. அரசுப் பாதை இருந்தால் அதில் தெரியும். வண்டித் தடம் ஓடையில் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கோடையில் லாரி போகிறது என்பதால் ஓடை பாதை ஆகிவிடாது. ஐப்பசி மழையில் அது தெரியும்!

காட்டை ஒட்டிய நிலமானால் இன்னும் சிக்கல். 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டில் ரோடு போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். பென்னாகரம் தொகுதி கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஓட்டு எந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போயின. ஒரு ஊருக்கே இந்தக் கதி என்றால், தனி ஒருவரின் தோட்டத்துக்கு யார் ரோடு போடுவார்கள்?

நிலம் அளப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிது அல்ல. 1792-ல் பாராமகால் கும்பெனியார் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். மன்றோ தர்மபுரியிலேயே தங்கியிருந்தார். அப்போதே அளக்கத் தொடங்கிய ஊரில், இன்றும் பாதைக்கு வாய்ச்சொல்லா? பாதையின் சர்வே எண்ணும் அகலமும் எழுதாத பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று அரசு விதி செய்யலாம். வழக்குகள் குறையும்.

அதுவரை வாங்குகிறவர்தான் உஷாராக இருக்க வேண்டும். இடையில் உள்ள நிலக்காரரை நேரில் பார்த்து, பாதைக்கு உரிய விலையைக் கொடுத்து, அவரிடமே தனியாகப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொள்ளலாம். இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். அவர் மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். அப்போது நஷ்டம் பஸ் கட்டணம் மட்டும்தான்.