பாட்டி மடியும் பூஸ்டர் ஸீட்டும்

பூஸ்டர் என்றால் என்னவென்று நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பாலில் கலக்கும் பொடி என்பார் ஒருவர். தடுப்பூசி என்பார் இன்னொருவர். இந்த வாரம் நான் சொல்லப் போவது இரண்டும் அல்ல. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பெண், கைப்பை, பால் புட்டி, பொம்மை இவற்றோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குகிறாளே, முதுகில்லாத ஒரு சின்ன ஆசனம், அதைப் பற்றித்தான்.

சிங்கப்பூரில் ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் பள்ளிக்கூட விடுமுறை. அந்த நாட்களில் திருச்சி விமான நிலையத்தின் வாசலில் பேரன் பேத்திகளுக்காகக் கண் பூத்து நிற்கும் பாட்டிமார்களைப் பார்க்கலாம். அவர்களில் ஒருவர் அரியலூருக்குப் பக்கத்தில், சிமெண்டு ஆலை இருக்கிற ரெட்டிபாளையத்திலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு ஆறு வயதில் ஒரு பையன். ஒன்றரை வயதில் ஒரு கைக்குழந்தை. கட்டி அணைத்து, திருஷ்டி கழித்து முடிந்ததும் பாட்டியின் கண் அந்த ஆசனத்தின்மேல் விழுகிறது. "இதை எதுக்குடி அங்கேயிருந்து சுமந்துக்கிட்டு வந்தே? நம்ம ஊரில் மடிக்கா பஞ்சம்?"

கேள்வி நியாயமானதுதான். இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் பல தாய்மார்கள் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, ஆசனத்தை டிக்கியில் போட்டு மூடிவிடுகிறார்கள். ஆகவே பதிலை நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சலூனில் சிறுவர்களுக்கு முடி வெட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் பையனை உட்கார வைப்பார்கள். நாற்காலி பெரியவர்களுக்காகச் செய்தது. பையனோ சின்னவன். அந்த வித்தியாசத்தைப் பலகை சரிக்கட்டுகிறது. பூஸ்டரின் வேலையும் அவ்வளவே.

காரில் இருக்கும் பெல்ட்டும் பெரியவர்களின் உடம்புக்கு அளந்து செய்ததுதான். தோளிலிருந்து இடுப்புக்கு வரும் இந்த மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் ஸ்வீடன் தேசத்து எஞ்சினீயர் நில்ஸ் போலின், வோல்வோ கம்பெனிக்காக அமைத்துக் கொடுத்தார். தோள் எலும்பின்மேல் ஒரு வார், இடுப்பெலும்பின்மேல் ஒரு வார் என்று அது படிய வேண்டும். எலும்பு அதிர்ச்சியைத் தாங்கும். ஆறு வயதுப் பையன் அப்படியே உட்கார்ந்தால் என்ன ஆகும்? மேல் வார் கழுத்தை உரசும். கீழ் வார் இடுப்பை விட்டு வயிற்றின்மேல் ஏறிவிடும். வண்டி எதன்மேலாவது மோதினால், அந்த வார் எலும்பை அல்ல, குடலையும் ஈரலையும் அழுத்தும். பையனை நாலு அங்குலம் உயர்த்திவிட்டால் இரண்டு வார்களும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும்.

"இவ்வளவுதானே? ஒரு தலையணையைப் போட்டு உட்கார வைத்தால் போயிற்று!" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். தலையணை அமுங்கும், நழுவும். அவசர சமயத்தில் பையன் வாருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போவான். பூஸ்டர் அமுங்காது. அதன் இரு பக்கத்துக் கொம்புகளும் இடுப்பு வாரைக் கீழே பிடித்துக்கொள்ளும்.

சுமார் நாலு வயது ஆகும்வரை குழந்தைக்குப் பூஸ்டர் போதாது. தோளிலும் இடுப்பிலும் காலிடையிலும் தானே கட்டிக்கொள்ளும் ஐந்து வார் ஆசனம் வேண்டும். அதற்குப் பிறகு பூஸ்டர். சிங்கப்பூர்ச் சட்டம் 1.35 மீட்டர் உயரம் வரும்வரை குழந்தைக்குத் தக்க ஆசனம் வேண்டும் என்கிறது.

சரி, விமானத்தில் இதை எங்கே போடுவது? எங்கேயும் போடக் கூடாது! பலருக்கு இது தெரிவதில்லை. பூஸ்டருக்கு உயிர் தோள் வார். விமானத்தின் சாதாரண வகுப்பு ஸீட்டில் இருப்பதோ இடுப்பு வார் ஒன்றுதான். தோள் வார் இல்லாமல் பூஸ்டரில் உட்கார்ந்த குழந்தை, அதிர்ச்சியில் முன்னால் மடிந்து விழும். விமானம் தரையில் ஓடும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் பூஸ்டரை உபயோகிக்கக் கூடாது என்று அமெரிக்க விமான நிர்வாகம் திட்டமாக விதித்திருக்கிறது. ஆகவே ஆறு வயதுப் பையன் விமானத்தில் மற்றவர்களைப் போல் ஸீட்டிலேயே உட்காரட்டும். இடுப்பு வாரை வயிற்றின்மேல் விடாமல், தொடையோடு தாழ்த்தி இறுக்கிப் போடுங்கள்.

ஐந்து வார் ஆசனத்தின் கதை வேறு. விமானத்துக்கும் ஏற்றது என்ற முத்திரை அதன்மேல் இருந்தால், குழந்தைக்குத் தனி டிக்கெட் வாங்கி, அந்த ஸீட்டில் அதை வைத்துக் கட்டலாம். அமெரிக்காவில் விற்கும் ஆசனங்களில் இந்த வாசகம் சிவப்பு எழுத்தில் இருக்கும். ஜன்னலோர ஸீட்டாகக் கேளுங்கள். மற்றவர்களின் வழியை அடைக்காது. ஆசனத்தைச் சுமக்க முடியாதவர்களுக்கு 'கேர்ஸ்' என்று ஒரு வார்க்கட்டு இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 10 முதல் 20 கிலோ வரை எடையும், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமும் உள்ள குழந்தைகளுக்கானது. ஸீட்டின் முதுகைச் சுற்றிக் கட்டினால் குழந்தைக்குத் தோள் வார் கிடைத்துவிடும். சுருட்டினால் கைப்பையில் அடங்கும். எதுவானாலும் உங்கள் விமானக் கம்பெனி ஒப்புக்கொள்கிறதா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று வாதாட முடியாது.

இரண்டு வயது நிரம்பாத குழந்தை தாயின் மடியில் போகலாம் என்பதே உலகமெங்கும் வழக்கம். இதன் பின்னே ஒரு சோகக் கதை உண்டு. 1989 ஜூலை 19-ம் தேதி, டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட யுனைடெட் கம்பெனி விமானம் ஒன்று, நடு வானில் எஞ்சின் வெடித்து, ஸூ சிட்டி என்ற ஊரில் தரையில் மோதியது. அதில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். மடிக் குழந்தைகள் நாலு பேர். அந்தக் கால வழக்கப்படி, அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி தாய்மார்களிடம் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் சொன்னார். அவர்களில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. மோதுகிற வேகத்தில் எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பிடி கிடையாது. ஜான் பிரவுன் அந்தக் குழந்தையை மறக்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஸீட்டும் கட்டும் வேண்டும் என்று பல வருஷங்கள் மன்றாடினார். விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க வாரியமும் அதையே சொன்னது.

ஆனால் 2005-ல் விமான நிர்வாகம் அதைச் சட்டமாக்க மறுத்துவிட்டது. என்ன காரணம் தெரியுமா? கைக்குழந்தைக்கும் டிக்கெட் வாங்க வேண்டும் என்றால், செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் கிளம்பிவிடும். சாலையோ ஆகாயத்தைவிட ஆபத்தானது. அதனால் இன்னும் அதிகமான உயிர்கள்தான் போகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இந்தப் பதில் சரியா, தவறா என்று இன்றும் வாதிக்கிறார்கள். நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. கடலுக்கு மேலே சுமார் நாலு மணி நேரம் பறந்து வருவதற்குத்தான் நாம் கும்பிட்டுக்கொண்டு ஏறுகிறோம். இறங்கியதும் "அப்பாடா, ஊர் வந்தாயிற்று!" என்று எல்லாக் கவலையையும் விட்டுவிடுகிறோம். உண்மையில் கவலைப்பட வேண்டிய பாகம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. திருச்சியிலிருந்து ரெட்டிபாளையம் சுமார் 80 கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடுகிற பிரதேசம். அந்த 80 கிலோமீட்டருக்காகத்தான் பூஸ்டர் கடல் கடந்து வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது. அந்தக் கணத்தில் மடியிலுள்ள 10 கிலோ குழந்தை முன்னால் பாயும் வேகத்தைத் தடுக்க, ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தரை! பாட்டியின் அன்பு எவ்வளவு பெரியதானாலும் கைக்கு அந்தப் பலம் வராது. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டுவது அதைவிடக் கெடுதல். பாட்டியின் எடை முழுவதும் குழந்தையின்மேல் விழும்.

பின் ஸீட்டில் இருப்பவர்களுக்குப் பெல்ட் எதற்கு என்ற நினைப்பும் நம்மிடம் உண்டு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் ஸீட்டில் பெல்ட் அணியாமல் விபத்தில் இறந்ததாகப் போலீசார் தெரிவித்தபோது தேசமே திடுக்கிட்டது. குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தக்க ஆசனமோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம்.

பூஸ்டரைக் கொண்டுவருவது சிரமமில்லை. முதுகில்லாத பூஸ்டர் அநேகமாக இரண்டு கிலோவுக்குள் இருக்கும்; விமானத்தில் தலைக்கு மேலுள்ள அறையில் வைத்துக்கொள்ளலாம். இடமில்லாவிட்டால் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே அடுக்குங்கள். ஐந்து வார் ஆசனத்தைச் சரக்கோடு போடுவதானால் அதன் அட்டைப் பெட்டியிலோ கனத்த பையிலோ கட்டிப் போடுங்கள். பல கம்பெனிகள் இதற்குக் கூலி வாங்குவதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்ததும் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விரிசல் விட்ட ஆசனத்தில் குழந்தையை வைக்கக் கூடாது.

அடுத்தது டாக்ஸி. முதல் நாளே டிரைவரிடம் போனில் சொல்லிவிடுங்கள்: பின் ஸீட்டில் தோள் வாரோடு பெல்ட் வேண்டும், அது வேலை செய்ய வேண்டும். நம் டாக்ஸிகளில் பெல்ட் இருக்கும், அதை மாட்டுகிற கொக்கி ஸீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும்! நடு இரவில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதைத் தோண்டி எடுக்க முடியாது. சில வண்டிகளில் நடு இடத்தில் இடுப்பு வார் மட்டுமே உண்டு. பூஸ்டரை ஓரத்து ஸீட்டில்தான் வைக்க வேண்டும். தோள் வாரை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். தூங்கிச் சாய்கிற குழந்தைக்கு முதுகு உள்ள பூஸ்டர் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, வரவேற்க வருகிறவர்களின் எண்ணிக்கை. தாத்தா, பாட்டி, மாமா, மாமாவின் இரண்டு குழந்தைகள் என்று ஒரே காரில் கிளம்பி வந்துவிட்டால், திரும்பும்போது மடியைத் தவிர வேறு இடம் ஏது? ஒருவர் மட்டும் வரட்டும். மற்றவர்கள் வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்கட்டும். இதை யார் சொல்வது? பெண்ணானால் தாயிடம் சொல்லிவிடுவாள். மருமகள் சொன்னால், "வெளிநாடு போனதும் வந்த மிடுக்கு" என்று பெயர் வாங்குவாள். ஆகவே மருமகள் சொல்ல வேண்டாம், மகன் சொல்லட்டும். அதுவும் விமான நிலையத்தில் அல்ல, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால். முன்கூட்டிச் சொன்னால் அது ஏற்பாடு. வாசலில் சொன்னால் அவமரியாதை.

கடைசியாக, பாட்டிமார்கள் மனத்துக்குள் கேட்கும் இன்னொரு கேள்வி. "அயலூர்ப் பேரனுக்கு மட்டும் இத்தனை காபந்து. உள்ளூர்ப் பேரன் முன் ஸீட்டில் நின்றுகொண்டு போகிறானே?" இதற்குப் பதில் பூஸ்டரை ஒளித்து வைப்பதல்ல; உள்ளூர்ப் பேரனுக்கும் ஒன்று வாங்குவதுதான். சென்னையிலும் மற்றப் பெரிய ஊர்களிலும் இன்று கிடைக்கிறது. அவன் எலும்பும் அதே எலும்புதான். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கும் 2022-ல் விதி வந்தது: நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு வாரால் பிணைத்துக்கொள்ள வேண்டும், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

சகோதரிகளே, பாட்டி மடியை யாரும் பறிக்க வரவில்லை. சோறு ஊட்ட, கதை சொல்ல, தூங்க வைக்க அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. வண்டி ஓடுகிற ஒன்றரை, இரண்டு மணி நேரம் மட்டும் பேரன் அந்தப் பலகைமேல் உட்காரட்டும். பக்கத்தில் பாட்டி, அவளும் பெல்ட் போட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும். கதையை அங்கேயே ஆரம்பிக்கலாம்.