பொன்ட் போட்டால் சரிவரும் என்பவர்களுக்கு

லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் என்று எந்தப் பக்கம் போனாலும், ஊர்ச்சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு எழும். "எங்கட இணையத்தளத்தில தமிழ் உடைஞ்சு தெரியுது" என்பார் ஒருவர். "பொன்ட் இல்லை, போட்டால் சரிவரும்" என்பார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்த நம்பிக்கை பிழை. அதைவிட மோசம், அது எங்கள் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறது.

கணினி சேமிப்பது எண்களை. எந்த எண் எந்த எழுத்து என்பது குறியாக்கம். அந்த எழுத்துக்குத் திரையில் உருவம் கொடுப்பதோடு எழுத்துருவின் வேலை முடிந்துவிடும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரப் பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தால் பொன்ட்டைக் குறை சொல்லலாம். 2000ஆம் ஆண்டு விண்டோஸ் லதா எழுத்துருவோடு வந்ததிலிருந்து அந்தப் பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. இன்றைய கைபேசிகளில் அவற்றைக் காண்பதே அபூர்வம்.

இப்போது நாம் அடிக்கடி பார்ப்பது வேறு. தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி அதே சோடி, பக்கம் முழுக்க. உலக மொழிகளுக்கான பொதுக் குறியாக்கமான யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்க அட்டவணையில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு 'ஏ', 174 என்பது வட்டத்து 'ஆர்'. தமிழ் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. உலாவி தவறான அட்டவணையை வைத்து வாசிக்கிறது. விலைப்பட்டியலில் பவுண்டுக் குறிக்கு முன்னால் தொப்பி போட்ட 'ஏ' ஒன்று நிற்பதை ஆங்கிலேயரும் பார்த்திருப்பார்கள். அதே நோய்தான். ஆயிரம் பொன்ட் போட்டாலும் மாறாது. கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியில் அதை அறிவித்து, வழங்கி அனுப்பும் தலைப்பிலும் தரவுத்தள இணைப்பிலும் அதையே சொன்னால் தீர்ந்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய பதிப்புகள் சொல்லாவிட்டால் லத்தீன் அட்டவணையையே எடுத்துக்கொள்ளும். அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

தமிழே இல்லாத ஓர் அட்டவணைக்குள் எழுத்தைத் திணித்தால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அது முடிந்த கதை. மூலக் கோப்பு கையில் இல்லையென்றால் அதை மீட்க வழியே கிடையாது. சாய்கோட்டு 'ஏ' வந்த கோப்பைக் காப்பாற்றலாம், கேள்விக்குறி வந்த கோப்பைக் காப்பாற்ற முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் "பொன்ட் பிரச்சினை" என்று இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடுகிறவர், காப்பாற்றக்கூடியதையும் குப்பையில் எறிகிறார்.

எனக்கு உண்மையான கோபம் பாமினி என்ற பழைய எழுத்துரு மேல். பொன்ட் போட்டால் சரிவரும் என்ற நம்பிக்கையைப் பிறப்பித்து வளர்த்தது அதுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பொன்ட் இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரிகிறது, ஆகவே தமிழ்தான் என்று நம்பிவிட்டோம். தேடுபொறிக்கு அது தமிழில்லை. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக உச்சரிக்கும். செத்தவீட்டு அறிவித்தலை வைத்த பக்கத்தில் இறந்தவரின் பெயரைப் பேரப்பிள்ளை தமிழில் அடித்துத் தேடினால் எதுவும் வராது.

அச்சகத்தார் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒழுங்காக அமைக்க முடியாமல் இருந்தது, பாமினி கைகொடுத்தது. அன்று அது சரி. ஆனால் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2010இல் அதை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. இன்றும் விழா மலர்களையும் தமிழ்ப்பள்ளிப் பாடத்தாள்களையும் பாமினியில் அடிப்பது பழக்கதோஷம். அதைத் தேவை என்று சொல்லக் கூடாது.

"பிரிட்டிஷ் நூலகம் எல்லாத்தையும் சேமிக்குது, கவலை எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டவிதிகளின்படி இந்நாட்டு இணையத்தளங்களை நூலகம் திரட்டி வைப்பது உண்மை. நூலகம் கோப்பில் உள்ளதை உள்ளபடி வைக்கும். பாமினிப் பக்கத்தில் உள்ளது ஜேயும் கேயும். எந்த எழுத்துருவுக்காக அது அடிக்கப்பட்டது என்பதை மறந்துவிட்ட காலத்தில் அதைத் திறப்பவர், அதைத் தமிழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை இடையில் வரும் ஆங்கிலப் பெயரையும் முகவரியையும் தமிழென்று நினைத்து உளறலாக மாற்றிவிடும். எந்த வரி தமிழ், எந்த வரி ஆங்கிலம் என்று பார்த்துத் திருத்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதை நன்றாக அறிந்தவர்கள் அன்று இரவிரவாக அடித்துக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு வயதாகிறது, அவர்களின் பழைய கணினிகள் மேல்மாடி அறைகளில் கிடக்கின்றன. சங்கங்களின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், ஆண்டு விழாச் செலவுக் கணக்கை எடுப்பதற்கு முன், அவற்றில் உள்ள பாமினிக் கோப்புகளை யார் யாரிடமிருந்து வாங்குவது என்று முடிவெடுங்கள்.